பக்கத்து கல்யாண மண்டபம் காம்பவுண்டை எங்க இடத்துக்குள்ள தள்ளி கட்டிட்டாங்க, சர்வேயர கூப்பிடலாமா?

தாராபுரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. தாராபுரம் போற ரோட்டு மேல எங்க அப்பா 1994ல கிரயம் வாங்குன 12 சென்ட் இடம் இருக்கு. வீடு பின்னாடி தள்ளி சின்னதா இருக்கு, முன்னாடி காலி. தெக்க ரோடு, மேக்க ஒரு கல்யாண மண்டபம். எங்களுக்கும் மண்டபத்துக்கும் நடுவுல இத்தன வருசமா கிளுவை வேலிதான் எல்லை, ரெண்டு பக்கமும் யாரும் எதுவும் பேசுனதில்ல. போன மாசம் நாங்க பழனி போயிட்டு வர்றதுக்குள்ள ஜேசிபி விட்டு வேலிய புடுங்கிட்டு ரோட்டுல இருந்து கொல்லை வரைக்கும் 88 அடி நீளத்துக்கு ஹாலோ பிளாக் சுவரு எழுப்பிட்டாங்க. டேப் வெச்சு அளந்தா எங்க முகப்பு 57 அடிதான் வருது, பத்திரத்துல 59½ அடினு தெளிவா இருக்கு. ரெண்டரை அடி போச்சு, கணக்கு போட்டா 220 சதுர அடி, அரை சென்ட்டுக்கு மேல. இங்க ரோட்டு மேல அரை சென்ட் என்ன வெலைனு உங்களுக்கே தெரியும்.

போய் கேட்டா மேனேஜரு "எங்க எஞ்சினியர் பட்டா படி அளந்துதான் கட்டுனாரு, இன்னும் சொல்லப்போனா உங்களுக்கு விட்டுக்குடுத்துதான் கட்டிருக்கோம், சந்தேகம்னா சர்வேயர கூட்டிட்டு வாங்க"ங்கறாரு. ஓனரு திருப்பூர்ல, போன் எடுக்கல. இப்ப பின்பக்கம் சமையல் கட்டுக்கு ஷெட் போட அந்த சுவத்த ஒட்டியே கம்பி கட்டிட்டு இருக்காங்க. அப்பா தவறிட்டாரு, பட்டா இன்னும் அவர் பேர்லயே இருக்கு. சர்வேயருக்கு இன்னிக்கே ஆன்லைன்ல போட்டுடலாமா, இல்ல நேரா ஸ்டேஷனுக்கு போயிடலாமா? யாராச்சும் இதுல அடிபட்டவங்க சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்:
என்னங்க ஸ்டேஷன், சர்வேயருன்னுட்டு. அவன் உங்கள கேட்டா கட்டுனான்? நாலு ஆள கூட்டிட்டு போய் ராத்திரியோட ராத்திரியா தள்ளிவிட்டுட்டு மறுபடி வேலிய நடுங்க, அவன் கோர்ட்டுக்கு போகட்டும்.

வக்கீல்வண்டி:
மேல சொன்னத தயவு செஞ்சு பண்ணிடாதீங்க. சுவரை இடிச்சீங்கன்னா இப்ப சிவில் கேஸா இருக்குறது உங்க மேல கிரிமினல் கேஸா மாறும், அதுக்கப்புறம் ரெண்டரை அடிய மறந்துட்டு ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான். ஸ்டேஷன்லயும் இத சிவில் மேட்டர்னு சொல்லி மனு ரசீது போட்டுக் குடுத்து, ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு பேசி, கோர்ட்டுல பாத்துக்கோங்கன்னு அனுப்பிடுவாங்க. ஆனா அந்த மனு ரசீது வேஸ்ட் இல்ல. எந்த தேதில வேலிய எடுத்தாங்க, எப்ப நீங்க ஆட்சேபம் சொன்னீங்கங்கறதுக்கு ஒரு ரெக்கார்டு. அதுக்காக மட்டும் ஒரு தடவ போயிட்டு வாங்க. மத்தத பத்திரத்த பாத்துட்டு சொல்றேன்.

சங்கிலி_மணியம்:
தம்பி, நான் நில அளவைத் துறைல இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க ஆன்லைன்ல போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நில்லுங்க.

சர்வேயர் வந்தா உங்க பத்திரத்த வெச்சு அளக்க மாட்டாரு. அவரு கையில இருக்குறது எஃப்.எம்.பி, அதாவது புலப்படம். அதுல உங்க உட்பிரிவுக்கு, அதாவது சர்வே நம்பர்ல உங்க துண்டுக்கு, எந்தக் கோடு எத்தன மீட்டர்னு இருக்கோ அதத்தான் தரையில காட்டுவாரு. இதத்தான் அத்து காட்டறதுன்னு சொல்றது. பத்திரத்துல 59½ அடினு இருந்தா அது அவருக்கு சம்பந்தமில்ல. அதனால மொதல்ல அரசு இ-சர்வீசஸ் சைட்ல உங்க எஃப்.எம்.பி, பட்டா, அ பதிவேடு (கிராமத்து நிலக் கணக்கு) மூணையும் இறக்கிப் பாருங்க. உங்களுக்கும் மண்டபத்துக்கும் தனித்தனி உட்பிரிவா, இல்ல ஒரே உட்பிரிவுல கூட்டுப் பட்டாவா? ஒரே உட்பிரிவா இருந்தா நடுவுல கோடே இருக்காது, சர்வேயர் வந்தும் ஒண்ணும் காட்ட முடியாது. தனித்தனியா இருந்தா உங்க முகப்பு கோட்டுல என்ன அளவு எழுதியிருக்குனு பாத்து இங்க போடுங்க. டவுன் சர்வே ஆன பகுதியா இருந்தா எஃப்.எம்.பி கிடைக்காது, டவுன் சர்வே நிலப் பதிவேடான டி.எஸ்.எல்.ஆரும் பிளாக் மேப்பும் பாக்கணும்.

இன்னொண்ணு, டேப் வெச்சு எங்க இருந்து அளந்தீங்க? ரோடு சாய்வா போனா முகப்பு அளவு கூடும் கொறையும். அத விட முக்கியம் உங்க கிழக்கு பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் ரெண்டடி எப்பவோ உள்ள வந்திருந்தா நீங்க மண்டபத்தோட சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. கொறையறது எந்தப் பக்கம்னு மொதல்ல தெரியணும்.

தாராபுரத்தான்:
ஐயா ரொம்ப நன்றிங்க. கிராம சர்வேதான், டவுன் சர்வே ஆகல. தனித்தனி உட்பிரிவுதான். ஆனா பாத்ததும் தலை சுத்திருச்சு. பட்டாவுல 0-04.50னு, அதாவது 4.5 ஏர்னு போட்டிருக்கு, மாத்திப் பாத்தா 11.12 சென்ட்தான் வருது, பத்திரத்துல 12 சென்ட். எஃப்.எம்.பில முகப்பு 16.8 மீட்டர்னு இருக்கு, அது 55 அடிங்க! நீளம் 26.8, அது 88 அடி, சரியா இருக்கு. அப்போ மண்டபத்துக்காரன் ஏற்கனவே எங்க பட்டாவையும் மாத்தி எழுத வெச்சுட்டானா?

சங்கிலி_மணியம்:
அதுக்குத்தான் நில்லுங்கன்னு சொன்னேன். இந்த நெலமையில நீங்களே பணம் கட்டி சர்வேயர வரவெச்சிருந்தா, அவரு 55 அடியில கல்லு நட்டுருப்பாரு. இப்ப சுவரு 57 அடியில நிக்குது. மண்டபத்துக்காரன் இன்னும் ரெண்டடி எனக்கு வரணும்னு உங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டையே காட்டுவான். மேனேஜர் விட்டுக்குடுத்துக் கட்டிருக்கோம்னு சொன்னது திமிருல சொன்னதுன்னு நெனச்சீங்க, அவங்க எஞ்சினியர் எஃப்.எம்.பிய பாத்துட்டுதான் அப்படி சொல்லிருக்காரு.

மாத்தி எழுத வெச்சானான்னு கேட்டா, அவசரப்பட்டு அப்படி நெனைக்காதீங்க. பட்டாவுல கொறையறது 0.88 சென்ட், அதாவது 383 சதுர அடி. சுவத்தால கொறையறது 220. ரெண்டும் ஒரே சங்கதி இல்ல. இந்த மாதிரி வித்தியாசம் தமிழ்நாடு பூரா இருக்கு. 1979ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் யு.டி.ஆர், அதாவது நிலப் பதிவேடுகள திருத்திப் புதுப்பிச்ச வேலை, நடந்தப்ப இருந்தே எத்தனையோ பட்டாவுல பரப்பு தப்பு, பேரு தப்பு. உங்க கேஸு 1994 கிரயம், அதனால அதுக்குப் பின்னாடி உட்பிரிவு பண்ணினப்ப பத்திர அளவ பாக்காம பேப்பர்லயே கோடு போட்டிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. தாலுகா ஆபீஸ்ல அந்த உட்பிரிவு கோப்போட நகல கேளுங்க, குடுக்கலேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். அந்தக் கோப்புல யாரு எந்த அளவ வெச்சு கோடு போட்டாங்கன்னு ஸ்கெட்ச் இருக்கும்.

பட்டா பரப்ப திருத்தறதுக்கு தனியா மனு போடணும், அது கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ) வரைக்கும் போகும், நாளாகும். அதுக்கு முன்னாடி வாரிசு சான்று வாங்கி பட்டாவ உங்க எல்லாரு பேருக்கும் மாத்திக்கோங்க. செத்துப்போனவர் பேர்ல மனு போட்டா அதையே காரணம் சொல்லி தள்ளிடுவாங்க.

வக்கீல்வண்டி:
பட்டாவுல கொறஞ்சு போச்சுனு பயப்பட வேண்டாம். பட்டா வரி கட்டறதுக்கும் வருவாய் கணக்குக்கும்தான், உரிமைய அது தீர்மானிக்காது, எல்லைத் தகராறு வந்தா கடைசியில சிவில் கோர்ட்டு பத்திரத்தத்தான் பாக்கும். அதுலயும் பத்திரத்துல போட்ட பரப்பு ஒண்ணு, நாலு எல்லை வேற ஒண்ணு காட்டுதுன்னா பொதுவா செக்குபந்தி, அதாவது அந்த நாலு எல்லைதான் நிக்கும், பரப்பு இல்ல. அதனால உங்க பத்திரத்துல மேற்கு எல்லைக்கு என்ன எழுதியிருக்குனு எழுத்துக்கு எழுத்து படிங்க.

இதுல எல்லாரும் விடுற ஒரு வேலை இருக்கு. உங்க பத்திரத்த மட்டும் கையில வெச்சுட்டு சண்ட போடுவாங்க, பக்கத்துக்காரன் பத்திரத்த யாரும் பாக்கறதில்ல. பதிவான கிரயப் பத்திரம் ரகசியம் கெடையாது. மண்டபத்தோட சர்வே நம்பருக்கு பதிவுத்துறையோட டி.என்.ரெஜிநெட் சைட்ல வில்லங்கம் போட்டுப் பாத்தா பத்திர நம்பர், வருசம் எல்லாம் வந்துரும், அத வெச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்கிடலாம். அதுல அவனுக்கு எத்தன அடி முகப்பு, கிழக்கு எல்லையா எத காட்டியிருக்கான், யாருகிட்ட வாங்குனான், உங்களுக்கு முன்னாடியா பின்னாடியா, எல்லாம் இருக்கும். மூலப் பத்திரமும் ஒண்ணா இருந்தா இன்னும் நல்லது. ஒரே ஆளு ரெண்டு பேருக்கும் வித்திருந்து மொத்த நிலம் பத்தலேன்னா, மொதல்ல கிரயம் வாங்குனவனுக்கு முழுசா போக மிச்சம்தான் அடுத்தவனுக்கு. ஏன்னா வித்தவருகிட்ட மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

அரிசிமில்காரன்:
நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசறேன், கோச்சுக்காதீங்க. எனக்கும் ஒரு மில்லு இருக்கு, பக்கத்து தோட்டத்துக்காரரோட இதே தகராறு வந்துச்சு. தொழில் நடத்தறவனுக்கு ரெண்டரை அடி பெருசு கெடையாதுங்க, வேலை நிக்கிறதுதான் பெருசு. ஓனர் திருப்பூர்ல இருக்காருன்னா அவருக்கு இந்த சமாச்சாரமே முழுசா தெரிஞ்சிருக்காது, மேனேஜரும் காண்ட்ராக்டரும் சேந்து பண்ணுனதா இருக்கும். மேனேஜர்கிட்ட சத்தம் போட்டா அவரு ஓனர்கிட்ட "பக்கத்து வீட்டுக்காரன் பணம் பறிக்கப் பாக்குறான்"னுதான் சொல்லுவாரு.

அதனால ஓனருக்கே நேரா, கெடச்சதுக்கு ஒப்புகை வர்ற மாதிரி ஸ்பீட் போஸ்ட் போடுங்க. திட்டி எழுதாதீங்க, பத்திர நகல், போட்டோ மட்டும் வெச்சு எழுதுங்க. மண்டபம்னா பிளான் அப்ரூவல், தீயணைப்பு சான்று, 1965 சட்டப்படி பொதுக்கட்டட உரிமம்னு ஏகப்பட்ட பேப்பர் இருக்கும். ஒவ்வொரு பேப்பர்லயும் மனையோட அளவு போட்ட வரைபடம் ஒட்டிருக்கும். அந்த அளவ விட அதிகமா தரையில சுவரு நின்னுச்சுன்னா அவருக்குத்தான் சங்கடம். சமையல் ஷெட்டு வேற எல்லைய ஒட்டி போடறாங்கன்னா பக்கவாட்டுல விட வேண்டிய காலி இடமும் போச்சு. கட்டட விதில மாட்டுனா சீல் வெக்கிற வரைக்கும் போகும்னு ஓனருக்கு தெரியும், மேனேஜருக்குத்தான் தெரியாது. இத மெரட்டலா எழுதாதீங்க, அப்ரூவல் பிளான்ல என்ன அளவு இருக்குனு கொஞ்சம் பாருங்கன்னு ஒரு வரி போதும்.

தாராபுரத்தான்:
அண்ணா, வக்கீல் சார், ஐயா, மூணு பேருக்கும் நன்றிங்க. நகல் கையில வந்துருச்சு. மண்டப இடம் 1997ல கிரயம் ஆயிருக்கு, எங்களுக்கு வித்த அதே ஆளு. முகப்பு 100 அடி. கிழக்கு எல்லை என்ன போட்டிருக்குனு பாருங்க: "என்னால் முன்பே கிரயம் செய்து கொடுத்த 59½ அடி காலியிடத்துக்கு மேற்கு." எங்கப்பா பேரும் எழுதியிருக்கு. படிச்சதும் கை நடுங்கிருச்சுங்க. அவங்க பத்திரத்துலயே எங்க 59½ அடி இருக்கு!

மண்டபத்து முகப்ப ரோட்டுல நின்னு அளந்தேன், 102½ அடி வருது. எங்களது 57. கூட்டுனா 159½. ரெண்டு பத்திரத்தையும் கூட்டுனாலும் 159½. கிழக்கு பக்கம் எங்க மதில் சுவர் அப்பா காலத்துல கட்டுனது, அத யாரும் தொடல.

அப்புறம் இன்னொண்ணு. மண்டபத்துக்குள்ள எட்டிப் பாத்தா, சுவத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு ரெண்டரை அடி தள்ளி, ஜேசிபி புடுங்குனது போக மண்ணுக்குள்ள தங்குன கிளுவை அடிக்கட்டையெல்லாம் மழைக்கு மறுபடி துளிர் விட்டிருக்கு. வரிசையா, கயிறு புடிச்ச மாதிரி, ரோட்டுல இருந்து பின்னாடி தண்ணித்தொட்டி வரைக்கும். போட்டோ எடுத்துருக்கேன்.

சங்கிலி_மணியம்:
அடடா. தம்பி, அந்தத் துளிர அவங்க வெட்டி எறியறதுக்கு முன்னாடி வேற வேற கோணத்துல எடுத்து வெச்சுக்கோங்க, பின்னாடி மண்டபத்துத் தூணோ ஜன்னலோ தெரியற மாதிரி எடுங்க, அப்பதான் எந்த எடம்னு பிற்பாடு சொல்ல முடியும். டேப்பையும் போட்டு, சுவத்துக்கும் கட்டைக்கும் எத்தன அடின்னு நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு. என் சர்வீஸ்ல கல்லு தொலைஞ்ச எடத்துல பழைய வேலி, வாய்க்கா கரை, பனமரம் இதெல்லாம் வெச்சுதான் எத்தனையோ அத்து கண்டுபுடிச்சிருக்கோம். கிளுவைய பொறுத்தவரைக்கும் வெட்டுனாலும் சாகாது, இந்தப் பக்கத்துல அத வேலிக்கு வெச்சதே அதுக்குத்தான்.

அந்த வரிசை நேரா போய் முடியற எடத்துல, ரோட்டோரம் மண்ண கிளறிப் பாக்க சொல்லுங்க, பழைய கல்லு புதைஞ்சு கெடக்கலாம். ஆனா நீங்களா தோண்டாதீங்க, மண்டபத்து ஆளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு தோண்டுங்க. இல்லேன்னா நீங்களே கொண்டாந்து நட்டீங்கன்னு சொல்லிடுவான்.

வக்கீல்வண்டி:
இது பலமான கேஸு. இப்ப கவனமா கேளுங்க, ஏன்னா இங்கதான் பலபேரு வழுக்குறாங்க.

மொதல்ல ஷெட்டு வேலை. அது மேல போக போக உங்களுக்கு கஷ்டம். கட்டி முடிச்சு கூரை போட்டு சமையல் ஆரம்பிச்சப்புறம் இடிக்கச் சொல்லி கேக்கறதும், கட்டும்போதே தடுக்கறதும் ஒண்ணில்ல. இவ்வளவு நாள் பாத்துட்டு சும்மா இருந்தியான்னு கோர்ட்டு கேக்கும். அதனால ஓனருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிரட்டும், பதில் வரலேன்னா உடனே வழக்கு போட்டு இடைக்கால தடை கேக்கணும்.

ரெண்டாவது, வழக்கு போடும்போது செலவு கம்மின்னு வெறும் நிரந்தரத் தடை மட்டும் கேட்டு போடாதீங்க. உங்க எடத்துல அவங்க ஏற்கனவே சுவர கட்டி உள்ள வந்துட்டாங்க, பட்டா அளவும் உங்களுக்கு எதிரா இருக்கு. உரிமையிலேயே கேள்வி இருக்கறப்ப உரிமை விளம்புகை, அதாவது எடம் எங்களதுன்னு கோர்ட்டு அறிவிக்கணும்னு, கேக்காம வெறும் தடை கேட்டா நிக்காதுன்னு 2008லயே அனதுல சுதாகர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லியாச்சு. அதனால உரிமை விளம்புகை, சுவர எடுக்கச் சொல்லி செயலுறுத்துக் கட்டளை, சுவாதீனம் எல்லாத்தையும் சேத்து கேக்கணும். கூடவே அட்வகேட் கமிஷனர், அதாவது கோர்ட்டு சார்பா எடத்த நேர்ல பாக்க வர்ற வக்கீல், போடச் சொல்லி மனு. கமிஷனரு சர்வேயரோட வந்து, எஃப்.எம்.பி மட்டுமில்ல ரெண்டு பேரோட பத்திரத்தையும் வெச்சு அளக்கணும்னு அந்த மனுவுலயே எழுதி கேளுங்க. கிளுவை வரிசையும் அவரு ரிப்போர்ட்டுல ஏறணும்.

அப்புறம் நீங்க ஒரு கேவியட் போட்டு வெச்சிருங்க, 90 நாளைக்கு செல்லும். அவங்க முந்திக்கிட்டு உங்கள விசாரிக்காமயே உங்க மேல தடை வாங்கறத அது தடுக்கும். உங்க கூடப்பொறந்தவங்க இருந்தா அவங்களும் வழக்குல வரணும்.

12 வருசம் அவங்க அனுபவத்துலயே விட்டா எடம் அவங்களுக்கே போயிடும்ங்கற பயம் உங்களுக்கு இப்ப இல்ல. ஆனா 12 வருசம் டைம் இருக்குங்கறதுக்காக ஆற அமர போகலாம்னு நெனைக்காதீங்க.

சும்மா_ஒருத்தன்:
கேஸு போட்டா பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும். நான் சொன்னதே பரவால்ல.

அரிசிமில்காரன்:
கேஸு போட்டாதான் அவ்வளவு நாள். வட்ட சட்டப் பணிகள் குழுவுல வழக்குக்கு முன்னாடியே மனு குடுக்கலாம், ஒரு பைசா கட்டணம் இல்ல. ரெண்டு பேரையும் கூப்ட்டு பேசி முடிச்சு, லோக் அதாலத்துல அவார்டு வாங்கிட்டா அது கோர்ட்டு டிகிரி மாதிரி, மேல அப்பீல் கெடையாது. நாங்க அப்படித்தான் முடிச்சோம். தோட்டத்துக்காரர் என் மில்லுல இன்னிக்கும் நெல்லு அரைக்கிறாரு.

தாராபுரத்தான்:
அப்டேட்ங்க. நோட்டீஸோட அவங்க பத்திர நகலையும், அந்த எல்லை வரிய கோடு போட்டு, கிளுவை போட்டோவையும் வெச்சு அனுப்புனோம். ஓனரே போன் பண்ணுனாரு. அரிசிமில் அண்ணா சொன்ன மாதிரியே அவருக்கு எஞ்சினியர் பட்டா அளவ மட்டும்தான் காட்டிருக்காரு, சொந்தப் பத்திரத்த அவரு பேங்குல அடமானத்துல வெச்சிருக்காராம், பாத்தே பல வருசம் ஆச்சாம். நேர்ல வந்தாரு, மரியாதையா பேசுனாரு. வரிசையில முன்பக்கம் அவங்க வாட்ச்மேன், நான், எங்க மாமா எல்லாரும் நின்னு தோண்டுனோம், ஒரு கல்லு கெடச்சுது, மேல பாதி ஒடஞ்சிருக்கு, ஆனா எங்க கிழக்கு மதில்ல இருந்து 59 அடி 4 இஞ்சு.

ரெண்டு இஞ்சுக்கு சண்ட போட மாட்டேன்னுட்டேன். ஷெட்டு வேலைய நிறுத்திட்டாரு. ஆடியில முகூர்த்தம் இல்ல, மண்டபம் சும்மாதான் கெடக்கும், அப்ப அவரு செலவுலயே முழு சுவரையும் எடுத்து கல்லு மேலயே கட்டித்தர்றேன்னு சொல்றாரு. பின்னாடி தண்ணித்தொட்டிகிட்ட ஒரு பத்தடி நீளத்துக்கு மட்டும் அவங்க செப்டிக் டேங்க் மூடி எங்க பக்கம் ஒரு அடி வருது, அத எடுக்க முடியாது, வேணும்னா அந்த துண்ட வெலைக்கு குடுங்கங்கறாரு. குடுக்கலாமா? வெள்ளப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுக்கலாம்ங்கறாரு.

சங்கிலி_மணியம்:
பத்து சதுர அடிய வித்தா அதுக்கு ஒரு உட்பிரிவு, அதுக்கு ஒரு பட்டா, ஏற்கனவே உங்க பரப்பே தப்பா கெடக்கு. அத சரி பண்ணாம விக்காதீங்க, குழப்பம் கூடும். டேங்க் இருக்கற வரைக்கும் இருந்துட்டு போகட்டும், எடம் உங்களதுன்னு எழுதி வாங்கிக்கோங்க.

வக்கீல்வண்டி:
வெள்ளப் பேப்பர் வேண்டாம். அதாலத்துல ஒரு மனு குடுத்து, அளவு போட்ட ஸ்கெட்ச்ச இணைச்சு, சுவரு எந்த தேதிக்குள்ள எடுக்கணும், டேங்க் உங்க அனுமதில இருக்கு, உரிமையில இல்ல, உங்க பட்டா பரப்பு திருத்தத்துக்கு அவருக்கு ஆட்சேபம் இல்ல, இது அத்தனையும் அவார்டுலயே வர்ற மாதிரி பண்ணிக்கோங்க. அந்தக் கடைசி வரிய விட்டுறாதீங்க, நாளைக்கு டி.ஆர்.ஓ ஆபீஸ்ல பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும்போது உங்களுக்கு பாதி வேலை அதுல முடிஞ்சிரும். உங்க அக்கா தங்கச்சி இருந்தா அவங்களும் கையெழுத்து போடணும்.

தாராபுரத்தான்:
அக்கா கோவைல இருக்கு, வரச் சொல்லியாச்சுங்க. வாரிசு சான்றுக்கும் சேத்தே இ-சேவைல போட்டுட்டேன்.